சிவப்புக் கோட்டுக்காரரை வரைந்தவர் யார்?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம். என் மாமனாரின் அப்பா இங்கே ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக வேலை பார்த்தவர். சுதந்திரத்துக்கு முன்னால் எஸ்டேட் துரை குடும்பத்தோடு சீமைக்குக் கிளம்பியபோது அவருக்குக் கொடுத்தது என்று ஒரு சின்னப் படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. முட்டை வடிவம், ஆறு சென்டிமீட்டர் உயரம் இருக்கும். சிவப்புக் கோட்டு போட்ட வெள்ளைக்காரர், தலைமுடியும் வெள்ளை. பின்பக்கம் இன்னொரு கண்ணாடி, அதற்குள் பின்னிய தலைமுடி. மதராஸ் கவர்னராக இருந்த மன்றோ துரையின் படம் என்று மாமனார் சொல்வார். அவர் போன மாதம் காலமானார். படத்தின் இடது ஓரத்தில் ஆங்கிலத்தில் ஜே, எஸ் என்று இரண்டு எழுத்து, அதன் கீழே 1793 அல்லது 1798, அதற்கும் கீழே ஒரு சின்னக் கோடு. வரைந்தவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா? கண்ணாடியின் உள்பக்கம் ஈரம் முத்து முத்தாக நிற்கிறது, கழற்றித் துடைக்கலாமா? ஃப்ரேம் தங்கமா என்று செவ்வாய்ப்பேட்டையில் காட்டலாம் என்கிறான் சேலத்தில் இருக்கும் என் மகன். பெங்களூரிலிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் விலை கேட்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

மாமனாரின் மறைவுக்கு என் வருத்தங்கள். நீங்கள் முதலில் கேட்டது வரைந்தவர் பெயரை. ஆனால் அவசரமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது: கண்ணாடியைக் கழற்றாதீர்கள். யாரையும் கழற்ற விடாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய புகைப்படங்களில் தெரிவது, மெல்லிய தந்தத் தகட்டின்மேல் நீர்வண்ணத்தில் வரைந்த படம். ஒரு மில்லிமீட்டர்கூட கனம் இருக்காது. காகிதம்போலத் தந்தம் வண்ணத்தை உறிஞ்சாது. வேலம் பிசினில் குழைத்த வண்ணம் அதன் வழவழப்பான மேற்பரப்பில் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஈரத் துணி பட்டால் வண்ணம் துணியோடு வந்துவிடும். மூக்கு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். அப்படி அழிந்த முகங்களை என் மேசையில் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாமே அன்போடு துடைக்கப்பட்டவை.

அந்த முத்துகள் வெறும் பனி ஈரம் இல்லை. அந்தக் காலத்துக் கண்ணாடிகள் சிலவற்றில் காரம் அதிகம். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, கண்ணாடி தானே சிதைந்து, வழவழப்பான துளிகளைக் கசியவிடும். கண்ணாடி அழுகிறது என்று எங்கள் தொழிலில் சொல்வோம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், அடிக்கடி மூடுபனி வீட்டுக்குள் வந்துபோகும் ஏற்காட்டில் இது நடப்பதில் ஆச்சரியமில்லை. அந்தக் காரத்துளி முகத்தில் விழுந்தால் வண்ணத்தைத் தின்றுவிடும். பயிற்சி பெற்ற பாதுகாப்பு நிபுணர் ஒருவர் ஃப்ரேமைத் திறந்து, புதுக் கண்ணாடி வெட்டிப் போட்டு, பழையதையும் தனியே பொதிந்து உங்களிடம் கொடுப்பார். அதுவரை குலுக்காமல், வெயிலோ விளக்கோ படாமல் படுக்கையாக வையுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் தொடங்கிய வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. முதலில் அங்கே கடிதம் எழுதி, புகைப்படங்களை இணைத்து யோசனை கேளுங்கள்.

சரி, இப்போது வரைந்தவர்.

இரண்டு எழுத்து, அடியில் வருடம், அதற்கும் அடியில் ஒரு கோடு. இந்த வரிசையைப் பார்த்ததும் என் நெஞ்சு ஒரு நிமிடம் வேகமாக அடித்தது உண்மை. லண்டனில் பேர்பெற்ற சிற்றோவியர் (இந்த மாதிரிக் குட்டி முகப்படங்கள் வரைபவர்) ஜான் ஸ்மார்ட் 1785-இல் மதராஸ் வந்தார். பத்து வருடம் இங்கேயே இருந்து 1795-இல் திரும்பிப் போனார். சிறுவனாக இருந்தபோதே, 1755-இல், லண்டனில் பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு நடந்த ஓவியப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவர். அதில் முதல் பரிசு வாங்கிய ரிச்சர்ட் காஸ்வேயும் பின்னாளில் பெரிய சிற்றோவியர் ஆனார். ஸ்மார்ட் தன் பெயரின் முதல் எழுத்துகளையும் வருடத்தையும் படத்தின் ஓரத்தில் பொடியாக எழுதுவார். இந்தியாவில் இருந்த வருடங்களில் மட்டும் அதன் கீழே ஆங்கில 'ஐ' எழுத்தைச் சேர்ப்பார், இந்தியாவில் வரைந்தது என்பதற்கு அடையாளமாக. நீங்கள் கோடு என்று நினைத்தது அந்த எழுத்தாக இருக்கலாம்.

அதனால்தான் அந்தக் கடைசி எண் எனக்கு அவ்வளவு முக்கியம். 1793 என்றால் எல்லாம் பொருந்துகிறது: ஆள் மதராஸில் இருக்கிறார், எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. 1798 என்றால் அவர் லண்டனில் இருந்தார், 'ஐ' எழுதக் காரணமே இல்லை. அப்போது கோடு வெறும் கீறலாக இருக்க வேண்டும், அல்லது கையெழுத்தையே பின்னால் வந்த யாரோ தப்பான கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். இரண்டாவது சொன்னது நடக்காத காரியமில்லை. ஸ்மார்ட்டின் பெயருக்கு மதிப்பு ஏறிய பிறகு, யாரோ வரைந்த நல்ல படத்தில் இந்த இரண்டு எழுத்தை எழுதிச் சேர்த்தவர்கள் உண்டு. முழுப் படத்தையும் நகலெடுத்தவர்களும் உண்டு. அவருக்கு அதே பெயரில் ஒரு மகனும் உண்டு, அவரும் சிற்றோவியர்தான். 1808-இல் மதராஸ் வந்து அடுத்த வருடமே இங்கே இறந்துபோனார். 1776-இல் பிறந்தவர், 1793-இல் பதினேழு வயதுப் பையன். இந்தியாவுக்கு அப்போது வந்திருக்கவில்லை. எனவே வருடம் 1793-ஆக இருந்து அந்தக் கோடு 'ஐ' ஆகவும் இருந்தால் மகன் கணக்கில் வரமாட்டார்.

ஆக, கையெழுத்தை நான் கடைசியாகத்தான் நம்புவேன். முதலில் நம்புவது முகத்தை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை மகனிடம் வாங்கிவரச் சொல்லுங்கள். நகைக்கடைக்காரர்கள் கல் பார்க்க வைத்திருப்பார்களே, அதுவே போதும். கண்ணாடியைத் தொடாமல், ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, கண்ணுக்குக் கீழே பாருங்கள். ஒரே அளவான புள்ளிகள் வரிசை கட்டி நின்றால் அது அச்சுப்படம், கதை அங்கேயே முடிந்தது. ஒழுங்கில்லாத மிக நுண்ணிய புள்ளிகளும் கீற்றுகளும் முகத்தின் வளைவோடு சேர்ந்து ஓடினால் கையால் வரைந்தது. அடுத்து முகத்தையும் கோட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல சிற்றோவியர் முகத்துக்கு வண்ணத்தை மெல்லியதாக விட்டு, தந்தத்தின் சொந்த வெளுப்பைத் தோலின் ஒளியாக ஊடே தெரியவைப்பார். கோட்டுக்கும் பொத்தானுக்கும் மட்டும் வண்ணத்தைக் கெட்டியாகப் போடுவார். சிலர் தந்தத்துக்குப் பின்னால் ஒரு துண்டு வெள்ளித்தகடுகூட வைப்பார்கள், முகம் இன்னும் சுடர்விட.

ஸ்மார்ட்டின் கை இன்னும் நிதானமானது. காஸ்வே போன்றவர்கள் வேகமாக, காற்றோட்டமாக வரைவார்கள், எல்லோரையும் கொஞ்சம் அழகாக்கிவிடுவார்கள். ஸ்மார்ட் அப்படிச் செய்யமாட்டார். கண்ணோரத்துச் சுருக்கம், மோவாயின் சதைமடிப்பு, வெயில்பட்ட கன்னத்தின் செங்கல் நிறம், உதட்டில் சிரிப்பு வரப்போவதுபோல ஒரு நெகிழ்வு என்று எதையும் விடமாட்டார். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவையும் அவர் வரைந்தார், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளையும் வரைந்தார். இருவரிடமும் அதே பொறுமைதான். எனக்கு அவரைப் பிடிக்கக் காரணமே இதுதான், பதவியைப் பார்த்துக் கையை மாற்றாதவர். உங்கள் புகைப்படத்தில் கண்ணோரம் நன்றாக விழுந்திருக்கிறது, எனக்கு நம்பிக்கை தருகிறது. ஆனால் புகைப்படத்தை வைத்து 'ஸ்மார்ட்தான்' என்று எழுதிக் கொடுக்கமாட்டேன், எழுதிக் கொடுப்பவரை நீங்களும் நம்பாதீர்கள்.

வீட்டில் உட்கார்ந்தே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஸ்டார் குடும்பத்தார் கொடுத்த சிற்றோவியத் தொகுப்பில், ஸ்மார்ட் வேலை செய்த காலத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு படம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவற்றை இணையத்தில் பார்க்கலாம். மதராஸ் வருடங்களின் படங்களைப் பெரிதாக்கி, அந்த 'ஜே', 'எஸ்' எழுத்துகளின் சுழிப்பையும் எண்களின் சாய்வையும் உங்களுடையதோடு வைத்துப் பாருங்கள். முக்கியமாக அவர் 3 எழுதும் விதத்தை.

ஸ்மார்ட் இல்லை என்று தெரிந்தால் மனம் உடையவேண்டாம். அதே பத்தாண்டில் மதராஸில் சாமுவேல் ஆண்ட்ரூஸ் என்ற சிற்றோவியரும் வேலை செய்தார். 1802-இல் வந்த ஜார்ஜ் சின்னரி ஐந்து வருடம் மதராஸில் இருந்துவிட்டுக் கல்கத்தா போனார். நம் ஆட்களையும் மறந்துவிடக்கூடாது. டில்லியில் இந்திய ஓவியர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தந்தத்தில் படங்கள் வரைந்து குவித்தார்கள். தெற்கே, மதுரையைச் சேர்ந்த அழகிரி நாயுடு திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அரசவையில் ஐரோப்பியப் பாணியில் வரைந்தார். ரவிவர்மாவின் தாய்மாமன் ராஜராஜ வர்மா அவரிடம்தான் கற்றார். தந்தத்தில் ஐரோப்பிய முகம் இருந்தாலே ஐரோப்பியக் கைதான் வரைந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பெயர் தெரியாத ஓவியரின் நல்ல படம், பெயர் ஒட்டவைக்கப்பட்ட படத்தைவிட எனக்கு மேல்.

இனி மன்றோ. உங்கள் மாமனார் சொன்னதில் இடமும் காலமும் சரியாக இருக்கின்றன, அதனால் இதைத் தள்ளிவிட எனக்கு விருப்பமில்லை. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து பாரமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்) சேலமும் கம்பெனி கைக்கு வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமையில் நிலவரி வேலையைப் பார்க்க நியமிக்கப்பட்ட உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ, தர்மபுரியில் இருந்தார். எல்லோரும் ராணுவத்துக்காரர்கள். 1793-இல் மன்றோவுக்கு வயது 32. அப்போது தன்னை ஒரு படம் வரையச் சொல்லியிருக்கலாம் என்பதற்கு மேல் என்னால் நகர முடியவில்லை. மைசூர்ப் போர் முடிந்த கையோடு ஊருக்குத் தன் முகத்தை அனுப்ப விரும்பிய இளம் அதிகாரிகள் மதராஸ் ராணுவம் முழுக்க இருந்தார்கள். எல்லோருக்கும் சிவப்புக் கோட்டுதான்.

வெள்ளை முடியும் உதவாது. அது மாவுப்பொடி. இங்கிலாந்தில் 1795-இல் முடிமாவுக்கு வரி போட்டபின் பொதுமக்களிடம் அந்தப் பழக்கம் ஒழிந்தது, ராணுவத்தில் இன்னும் சில வருடம் நீடித்தது. உதவக்கூடியது கோட்டின் காலரும் மார்புமடிப்பும். அவற்றின் நிறம் படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு மாறும். உங்கள் படத்தில் மடிப்பு மஞ்சளா வெளிர்பச்சையா என்று புகைப்படத்தில் தெரியவில்லை. பகல் வெளிச்சத்தில் நீங்கள் கண்ணால் பார்த்து எழுதுங்கள். பொத்தான் பொன்நிறமா வெள்ளிநிறமா, ஒவ்வொன்றாக நிற்கிறதா இரண்டிரண்டாக நிற்கிறதா, தோளில் குஞ்சம் ஒன்றா இரண்டா என்பதையும் எழுதுங்கள்.

இன்னொன்றும் என் மனதைக் குடைகிறது. இங்கே வரைந்த இந்த மாதிரிப் படங்கள் பெரும்பாலும் இங்கே தங்கியதில்லை. அவற்றை வரைந்ததே அனுப்பத்தான். கப்பலில் ஆறு மாதம் பயணம் செய்து ஒரு தாயிடமோ, கல்யாணம் பேசிவைத்த பெண்ணிடமோ போய்ச் சேர்ந்து அவள் கழுத்திலோ கைப்பெட்டியிலோ கிடக்கும். பின்பக்கத்து முடி படத்தில் இருப்பவருடையதாக இருக்கலாம், அவர் இறந்தபின் வைத்ததாகவும் இருக்கலாம். அப்படியென்றால் 1793-ஆம் வருடத்துப் படம் ஏற்காட்டுக்கு எப்படி வந்தது? சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் தோட்டக்காரக் குடும்பங்கள் இங்கே குடியேறின. அவர்களில் ஒருவர் தாத்தாவின் படத்தைப் பெட்டியில் வைத்து மறுபடி இந்தியா கொண்டுவந்திருக்க வேண்டும். அப்படியானால் படத்தில் இருப்பவரை மன்றோவின் சரித்திரத்தில் தேடுவதைவிட, அந்தத் துரையின் குடும்பத்தில் தேடுவது நல்லது.

சட்ட விஷயத்துக்கு வருகிறேன். இதைத் தள்ளிப்போடக் கூடாது. தந்தப் பொருள் என்பதால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். பரம்பரையாக உங்களிடம் வருவதில் தடை இல்லை. ஆனால் வாரிசாக வந்த 90 நாளுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு அறிவிக்க வேண்டும். மாமனார் போன மாதம்தான் தவறினார் என்றால் நாள் இருக்கிறது. மாமனாரிடம் உரிமைச் சான்று ஏதும் இருந்ததா என்று பழைய காகிதங்களைத் தேடுங்கள். இல்லாவிட்டாலும் ஒளிக்கவேண்டாம். ஒரு வழக்கறிஞரோடு சேலம் வனக்கோட்ட அலுவலகம் போய் முறைப்படி எழுதிக்கொடுங்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஓவியம் என்பதால் தொல்பொருள் சட்டமும் உண்டு. அதன்படி பதிவு செய்யவேண்டிய வகைகளில் சிற்றோவியங்களும் அடங்கும். தொல்லியல் துறையின் பதிவு அலுவலரையும் இதே சமயத்தில் கேட்டுவிடுங்கள்.

பெங்களூர்க்காரருக்கு 'விற்பதற்கில்லை' என்று ஒரு வரி அனுப்பி முடித்துவிடுங்கள். இந்தியாவில் தந்தம் விற்பது குற்றம், வாங்குவதும்தான். லண்டன் ஏலங்களில் இவை விற்கின்றனவே என்று அவர் இணைப்பு அனுப்பலாம். பிரிட்டனின் 2018-ஆம் ஆண்டுத் தந்தச் சட்டத்தில், 1918-க்கு முன் வரைந்த, 320 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத முகச் சிற்றோவியங்களுக்கு விலக்கு இருக்கிறது. அந்த விலக்கு அந்த நாட்டோடு சரி. இங்கிருந்து வெளியே அனுப்பவும் சட்டம் விடாது. பழுதுபார்க்க வேறு மாநிலத்துக்கு எடுத்துப்போவதாக இருந்தாலும் வனத்துறையைக் கேட்டுக்கொண்டே எடுத்துப்போங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வேண்டாம், அம்மா. அங்கே கொலுசுப் பட்டறைக்காரர்களின் கைத்திறன்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் உரைகல்லில் உரசி ஆசிட் விடுவது விற்கப்போகும் நகைக்கு. இந்த ஃப்ரேமின் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் அகலம்தான், உரசினால் போனது போனதுதான். ஆசிட் ஆவி உள்ளே போனால் வண்ணத்துக்கும் கேடு. அதோடு ஃப்ரேமே ஒரு சாட்சி. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து மூடியிருக்கும் முறையும், முடியைச் சுற்றிய பொற்கம்பி வேலையும், மதராஸில் செய்ததா லண்டனில் செய்ததா என்பதைச் சொல்லக்கூடும். உள்ளே, தந்தத்துக்கு முட்டுக்கொடுத்த அட்டையில் பெயரோ முகவரியோ எழுதி வைத்திருப்பதும் வழக்கம். ஓவியரை நிலைநாட்டும் ஒரே ஆதாரம் அந்த அட்டையாக இருந்த படங்கள் பல. கண்ணாடி மாற்றத் திறக்கும்போது நிபுணர் அதையும் படம்பிடித்துக்கொள்ளட்டும்.

வைக்கும் இடம் பற்றிச் சுருக்கமாக. ஈரம் ஏறினால் தந்தம் வளையும், காய்ந்தால் சுருங்கி ரேகையோடு வெடிக்கும். எனவே ஏற்காட்டுக் குளிரிலிருந்து சித்திரை வெயில் கொளுத்தும் சேலத்துக்குத் திடீரென்று கொண்டுபோகாதீர்கள். போய்த்தான் ஆகவேண்டும் என்றால் பருத்தித் துணியில் சுற்றி, மூடிய பெட்டியில் வைத்து, போனபின் ஒரு நாள் திறக்காமல் விட்டுவிடுங்கள். வீட்டில் மர அலமாரியின் நடுத்தட்டு நல்லது. பூஜை அறையும் வேண்டாம், அடுப்படிச் சுவரும் வேண்டாம். அந்துருண்டை போடாதீர்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களை நிறையப் போட்டு அடைப்பதும் தப்பு, தந்தம் காய்ந்து பிளக்கும்.

எனக்கு இன்னும் மூன்று புகைப்படங்கள் வேண்டும்: கையெழுத்து இருக்கும் ஓரம், பின்பக்கத்து முடி, ஃப்ரேமின் விளிம்பு. ஃப்ளாஷ் போடாமல், பக்கவாட்டிலிருந்து ஜன்னல் வெளிச்சம் விழும்படி எடுங்கள். போன் கேமராவை அந்த லென்ஸின்மேல் வைத்தே எடுக்கலாம்.

அப்புறம், மாமியாரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த எஸ்டேட், துரையின் பெயர் என்ன, அவருடைய ஆட்கள் யாராவது ஏற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். அவர் சொல்கிறபடியே எழுதி, தேதி போட்டு வையுங்கள். பெயர் கிடைத்தால் கல்லறைக் கல்லைப் படம்பிடியுங்கள். மதராஸ் மாகாணத்துக் கிறிஸ்தவர்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் பிரதிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் இருக்கின்றன. குடும்பப் பெயர் ஒன்று கையில் இருந்தால், அதை வைத்து 1793-இல் மதராஸ் ராணுவத்தில் இருந்தவர் வரைக்கும் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். துரை குடும்பத்தின் பெயர் தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள், அந்தத் தேடலில் நானும் கூட இருக்கிறேன்.